ஒரு சொம்பு நல்ல தண்ணி

என் மனைவி செங்கல்பட்டில் அவள் அம்மா வீட்டில் இருந்த மாதங்களில் நான் படூர் வீட்டில் ஒரு தொட்டி வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் மீனைத் தேடினார்கள். மீன் இல்லை. கல், மணல், கடல் தண்ணீர், அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். "இன்னாப்பா, மீனு செத்துப் போச்சா?" என்று எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார். மீன் வாங்கவே இல்லை, இது பவளம் வளர்க்கிற தொட்டி என்றேன். அவர் தன் விரலில் இருந்த பவள மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வளருமா?" என்றார். வளர்ந்தால் நானும் ஒன்று வாங்கிப் போட்டிருப்பேன்.

எதற்காக வைத்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் ஒழுங்கான பதில் இல்லை. வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை என்று சொல்லலாம். அது உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

நான் நாவலூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் சில்லர் பிளான்ட்டில் வேலை பார்க்கிறேன். மேலே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு ஏசி குளிராக வருவதற்காகக் கீழே அடித்தளத்தில் ராட்சச மெஷின்கள் தண்ணீரைக் குளிர வைத்து அனுப்பிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். மனைவி பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அலுவலக உதவியாளர். அவளுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது. ஸ்கேன் எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று பேச்சை நிறுத்தித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கே நடந்ததை எழுத எனக்கு விருப்பம் இல்லை. பெண் குழந்தை.

பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்கு என்று ஒரு துணி கூட வாங்கி வைக்கக் கூடாது என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது ஒளித்து வைக்க வேண்டிய பொருள் எதுவும் வீட்டில் இல்லை. சின்ன அறை காலியாக இருந்தது. ஏசி மாட்டலாம் என்று போட்டு வைத்த பெரிய பிளக் பாயின்ட் மட்டும் சுவரில் புதுசாக வெள்ளை வெளேரென்று இருந்தது. அதை நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் எதனா பண்ணிட்டனா?"

டாக்டரைக் கேட்டாள். தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்திருக்கிறது, அது யார் கையிலும் இல்லை என்று டாக்டர் படம் வரைந்து விளக்கினார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பி, "அன்னிக்குத் தண்ணி கேன தூக்கனேனே, அதுவா மாமா?" என்றாள். இல்லம்மா என்றேன். "பைக்ல வரச் சொல்லோ அந்த ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போட்டுச்சே?" இல்லம்மா. நர்சைக் கேட்டாள், தன் அம்மாவைக் கேட்டாள், பார்க்க வந்த என் அக்காவைக் கேட்டாள். எல்லாரும் இல்லம்மா, இல்லம்மா என்றார்கள். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிடும். ஒரு நாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லன்னு சொல்றதுக்குன்னே எல்லாரும் வந்துகினு கீறீங்க. நெஜத்த எவன் சொல்லுவான்?" என்றாள். அதோடு கேட்பதை விட்டாள். மறுநாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறுதல் அவளுக்குச் சலித்துப் போயிருந்தது. நம்பும்படியாக ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும். அப்படி ஒருவரும் இல்லை, நான் உட்பட. டாக்டர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்துக்கு நேரே நான் எதைச் சொன்னாலும் அது சமாதானமாகத்தான் போய் விழும்.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் வேறு யாருடைய கன்னத்தையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, நாள் முழுக்க அப்படி இருந்தது. ஷிப்டுக்குப் போனேன். மணி பார்த்துச் சாப்பிட்டேன், பசித்துச் சாப்பிடவில்லை. அழவில்லை. "நீ தைரியமா கீறப்பா" என்று ஒருவர் பாராட்டினார். அவரை அடிக்க வேண்டும் என்றாவது தோன்றியிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.

லீவு நாட்களில் நான் வெளியே ஏசி சர்வீஸ் பார்ப்பது உண்டு. அப்படி நாவலூரிலேயே ஒரு பெரிய குடியிருப்பில், உயரத்தில் இருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போகிறாராம். ஹாலில் மட்டும் ஒரு தொட்டி கலையாமல் இருந்தது. நீல வெளிச்சத்தில் கற்கள், கற்களின் மேல் பூ மாதிரி ஏதேதோ விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. நான் ஏசி வேலையை முடித்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். பல மாதங்களில் நான் தேவைக்கு மேல் நின்று பார்த்த முதல் பொருள் அதுதான்.

"கல்லு மாதிரி இருக்கும். ஆனா இது கல்லைக் கட்டுற பிராணி," என்றார் அவர். "பகல்ல வாயத் திறக்கும். கொஞ்சம் கொஞ்சமா தனக்குக் கீழ தானே கல்ல வளர்த்துக்கும்."

"இத வூட்ல வச்சிக்கலாமா சார்? கேஸு கீஸு ஆவாதா?"

"கடல்லேர்ந்து எடுத்தா கேஸ்தான். புலிக்கு என்ன சட்டமோ அதுதான் இதுக்கும். என்கிட்ட இருக்கிறது வெளிநாட்டுலேர்ந்து பேப்பரோட வந்தது. அதை இந்தத் தொட்டியிலயே உடைச்சு உடைச்சு வளர்த்த துண்டுங்க."

பெரிய தொட்டியை யாரோ வாங்கிவிட்டார்கள். பால்கனியில் கீறல் விழுந்த சின்னத் தொட்டி ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பழைய விளக்கு ஒன்று, மோட்டார் ஒன்று, தண்ணீர் பரிசோதிக்கும் மருந்துப் புட்டிகள், உப்பு அளக்கும் கருவி எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். தொட்டி பக்குவமானதும், தான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் மூன்று துண்டு பவளமும் அதற்கான பேப்பர் நகலும் தருவதாகச் சொன்னார். அதற்கு ஒரு நிபந்தனை. "அவசரப்படக் கூடாது. அவசரப்பட்டா எல்லாம் செத்துடும்." எனக்கு எதிலும் அவசரம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

அவர் சொன்னதை எல்லாம் கேட்டபோது சிரிப்பு வரவேண்டிய இடம் ஒன்று இருந்தது. சூடு ஏறக் கூடாது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், உப்பும் சுண்ணாம்பும் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. நான் சம்பளம் வாங்குவதே இதற்குத்தான்.

கையில் அதிகம் இல்லை, ஆஸ்பத்திரி செலவு அப்படி. அதனால் எல்லாமே ஒட்டுப்போட்ட வேலை. கேளம்பாக்கத்தில் வெல்டிங் கடையில் இரும்பு ஸ்டாண்டு அடித்தேன். தண்ணீரைக் குளிர வைக்க விலை உயர்ந்த மெஷின் விற்கிறது. நான் அலுவலகத்தில் தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரின் விசிறி இரண்டைப் பிடுங்கி, தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்றடிக்கும்படி மாட்டினேன். சித்திரை வெயிலிலும் அது தாக்குப்பிடித்தது. கடல் உப்பு மூட்டையாக வருகிறது, அதுவும் யானை விலை. கடல் பக்கத்திலேயே இருக்கும்போது உப்பை ஏன் வாங்க வேண்டும் என்று பைக்கில் கேன்களைக் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் போனேன்.

கரைத் தண்ணீர் உதவாது. மணலும் சாக்கடையும் கலந்திருக்கும். ஊரைத் தாண்டித் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் அலையைத் தாண்டிப் போய்த் தண்ணீர் மொண்டு வர முடியுமா என்று கேட்டேன்.

"தண்ணியா?" என்றார்.

"ஆமாண்ணா. உள்ள போயி, தெளிஞ்ச தண்ணி."

"அண்ணாத்த, மீனு வாங்க வரவன தெனம் பாத்துகினு கீறேன். தண்ணி வாங்க வரவன இப்பத்தான் பாக்குறேன். இன்னா, எதனா தோஷமா?"

"இல்லண்ணா. தொட்டி வைக்கிறேன்."

"அதான பாத்தேன். வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறாங்க."

மறுநாள் காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். போனபோது கேன்கள் நிறைந்து, வாய் வரைக்கும் மூடி இறுக்கி, படகின் நிழலில் வரிசையாக நின்றன. உப்பை அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. கருவிக்குள் கண்ணை வைத்து நான் பார்த்ததை அவரும் வாங்கிப் பார்த்தார். "எங்க கடலுக்கு நீ மார்க்கு போடுறியா?" என்றார்.

தொட்டியைச் சின்ன அறையில் வைத்தேன். பெரிய பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது. வேறு காரணம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் காத்திருப்பதுதான் வேலை. கல்லில் இருக்கும் கிருமிகள் பெருகி, தண்ணீரில் அழுகுவதைத் தின்று சுத்தம் செய்யப் பழக வேண்டும். அதுவரை தொட்டியில் ஒன்றும் விடக்கூடாது. தண்ணீர் முதலில் கலங்கியது. பிறகு மணலின் மேல் காப்பிப்பொடி தூவினதுபோல் ஒரு படலம் வந்தது, பிறகு பாசி வந்தது, பிறகு ஒரு நாள் பார்த்தால் தெளிந்திருந்தது. தினமும் மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்த்தேன். யாராவது என்னைப் பார்த்தால் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று நினைத்திருப்பார்கள். வெறும் தண்ணீரைப் பார்ப்பது எனக்கு ஒத்துப்போனது. அது என்னிடம் எதையும் கேட்கவில்லை.

மனைவியோடு தினமும் போனில் பேசுவேன். பேச்சு என்று சொல்வது அதிகம். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீ?" "ம்." இதற்கு நடுவில் ஒரு நாள் மோட்டார் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"கொழாய மூடலியா நீ?"

"இல்ல, தொட்டி."

"இன்னா தொட்டி?"

"கடல் தண்ணித் தொட்டி. பவளம் வளக்கப் போறேன்."

"எங்க வச்சிகீற?"

"சின்ன ரூம்ல."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். "ஜன்னலாண்ட வச்சிடாத," என்றாள். "மத்தியானத்துல அங்க வெயிலு சுள்ளுனு அடிக்கும். செவுத்தோரமா தள்ளி வையி."

அந்த அறையில் மத்தியானம் வெயில் எங்கே விழும் என்று எதற்காகக் கவனித்து வைத்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை. எதற்காக என்று தெரியும். தொட்டியைச் சுவரோரமாகத் தள்ளினேன்.

பவளத்துண்டுகள் ஒருவழியாக வந்தன. மூன்றும் கட்டைவிரல் அளவு. ஒன்று அப்பளம் உடைந்த துண்டு மாதிரித் தட்டையாக ஊதா நிறம். ஒன்று விரல்விரலாகக் கிளை விட்டது. மூன்றாவதுதான் பார்க்க உயிருள்ளதாகத் தெரியும். கல் குழாயின் வாயிலிருந்து பச்சை நிறத்தில் கொழுகொழுவென்று விரல்கள் நீண்டு, ஒவ்வொரு நுனியும் சுத்தியல் தலைபோல் விரிந்திருக்கும். கூடவே கண்ணாடிப் பாசியை மேய்வதற்கு நாலைந்து நத்தைகள். வந்த அன்று எல்லாம் சுருங்கி மூடிக்கொண்டன. வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

"மூடிகினு கீதே?" என்றாள்.

"புது எடம். பயந்துகினு கீது. தொறக்கும்."

மறுநாள் போனை எடுத்ததும் சாப்ட்டியா என்று கேட்கவில்லை. "தொறந்துச்சா?" என்றாள். திறக்கவில்லை. அடுத்த நாளும் அதே கேள்வி. பச்சைப் பவளம் முதலில் திறந்தது, அவள் கேட்பதற்கு முன்பே நான் போன் செய்தேன். எங்களுக்கு நடுவில் பேசுவதற்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது. அது எங்களைப் பற்றி இல்லை என்பதால் இரண்டு பேராலும் பேச முடிந்தது.

ஒரு சனிக்கிழமை அவளே வந்தாள். பஸ் பிடித்து, ஒரே ஒரு துணிப்பையோடு. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சின்ன அறைக்குப் போய்த் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அது ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத ஒடைச்சி ஒடைச்சித் தான வளத்தேன்னாரு அந்த ஆளு? அதுக்கு வலிக்காதா?"

"தெரியல," என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். "தெரியலன்னாவது சொன்னியே," என்றாள்.

அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. கல்லூரியில் லீவை நீட்டிக்கொண்டாள். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தொட்டியை அவள் பார்த்துக்கொண்டாள். செய்ய வேண்டியது ஒன்றுதான். விசிறிக் காற்றில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உப்பு ஆவியாகாது, உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் காட்டினேன்.

"தெனம் காலைல இந்தக் கோடு வரிக்கும். ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்து, போதும். கொழாத்தண்ணி ஊத்திடாத."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. போர்வெல்லிலிருந்து குழாயில் வருவது உப்புத் தண்ணி. குடிக்கிறது நல்ல தண்ணி. சமையலறையில் இருந்த பழைய வடிகட்டியின் தண்ணீரைத்தான் நான் மனதில் வைத்துச் சொன்னேன். "குடிக்கிற தண்ணி தான? தெரியும்," என்றாள்.

அவள் வந்த புதிதில் ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் புளிவாசனை. சமையலறை மேடையில் செப்புக் குடம் தகதகவென்று இருந்தது. அவள் உண்டானபோது அவள் அம்மா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய குடம். இரவு நிரப்பி வைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்பது அவர் கட்சி. மனைவி ஒரு நாள் தவறாமல் குடித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. சிங்க்குக்கு அடியில் கறுத்து, பச்சை பூத்துக் கிடந்தது. அவள் அதை எடுத்துப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருந்தாள். முழங்கை வரை ஈரம். "சும்மா கெடந்துச்சி, தேச்சேன்," என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்னச் சந்தோஷம்தான், ஆனால் என்னுடையது என்று தெரிந்தது.

முதலில் போனது நத்தைகள். கண்ணாடியிலிருந்து ஒன்றொன்றாகக் கீழே விழுந்தன. திருப்பி வைத்தால் மறுபடி விழுந்தன. வயசாகியிருக்கும் என்றேன். பிறகு பச்சைப் பவளம் பாதிதான் திறந்தது, பிறகு திறக்கவே இல்லை. ஊதாத் துண்டின் ஓரத்தில் கோலமாவுக் கோடு மாதிரி வெள்ளை தெரிந்தது. அது நிறம் இல்லை. சதை போய் எலும்பு தெரிகிறது என்று அர்த்தம்.

"இன்னிக்கும் தொறக்கல மாமா," என்பாள், நான் வேலையிலிருந்து வந்ததும். முகத்தைப் பார்க்க மாட்டாள்.

உப்பைப் பார்த்தேன், சரியாக இருந்தது. சூடு, சுண்ணாம்பு, எல்லாம் சரி. குப்பத்துக்குப் போய்ப் புதுத் தண்ணீர் கொண்டுவந்து பாதியை மாற்றினேன். ஒரு நாள் லேசாகத் தேறினமாதிரி இருந்தது. மறுபடி சுருங்கியது. பேஜாரு பிடித்த வேலை என்று மனசுக்குள் திட்டினேன். திட்டு வந்ததே பெரிய விஷயம். பயமும் வந்திருந்தது. பவளம் போனால் பரவாயில்லை, ஆனால் அது போன பிறகு அவள் இந்த வீட்டில் இருப்பாளா என்று பயந்தேன். அவள் தன் பங்குக்கு இன்னும் கவனமாக, கோடு தாண்டாமல், காலையில் முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றினாள். நான் சில நாள் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்திருக்கிறேன். கையில் எவர்சில்வர் சொம்பு, தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவாள்.

கடைசியில் ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரைப் பிளான்ட்டுக்கு எடுத்துப் போனேன். சில்லரின் குழாய்கள் செம்பு. அது அரிக்கிறதா என்று பார்க்க எங்களிடம் தண்ணீரைச் சோதிக்கும் மருந்து உண்டு. எனக்குச் செம்பின் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. எல்லாச் சோதனையும் செய்தாயிற்று, மிச்சம் இருந்தது அது ஒன்று. கூட வேலை செய்கிறவன் சோதித்துப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தான்.

"மச்சான், இது எந்த மெஷின் தண்ணி? செம்பு ஏறிக்கீதுடா. டியூபு அரிக்குது போல."

"வூட்டுத் தண்ணி."

"வூட்ல சில்லரு வச்சிகீறியா நீ?"

பவளத்துக்கும் நத்தைக்கும் செம்பு துளி கூட ஆகாது. தொட்டியைக் கொடுத்த மனிதர் அதை முதலிலேயே சொல்லியிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விசிறியின் ஒயரைப் பார்த்தேன், மோட்டாரைப் பிரித்து உள்ளே பார்த்தேன், பிளாஸ்டிக்கைத் தவிர எதுவும் தண்ணீரில் படவில்லை. இப்போது சில வடிகட்டிகளில் செம்பைச் சேர்த்தே விற்கிறார்களாம். எங்களுடையது அதற்கு முந்திய காலத்தது. எதுவும் பிடிபடவில்லை.

மறுநாள் எனக்கு வார லீவு. காலையில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மோட்டாரை மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் சொம்போடு வந்தாள். விசிறியை நகர்த்திவிட்டு ஊற்றப் போனாள். எனக்கு என்ன தோன்றியதோ, "எதுலேர்ந்து மொண்ட?" என்று கேட்டேன்.

"குடத்துலேர்ந்து."

"எந்தக் குடம்?"

"செப்புக் குடந்தான். நல்ல தண்ணி தான ஊத்தச் சொன்ன? அதத்தான நான் குடிக்கிறேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள்.

"நான் எதனா பண்ணிட்டனா?" என்றாள்.

அதே கேள்வி, அதே குரல். இல்லம்மா என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எத்தனையோ முறை சொல்லிப் பழகிய சொல், தானாக வரும். மோட்டார் ரிப்பேர், கரண்ட் போய்விட்டது, கடல் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று சொன்னால் தீர்ந்தது. அவள் நம்ப மாட்டாள். இன்னொரு இல்லம்மா என்று எடுத்துக்கொண்டு பையைக் கட்டுவாள். ஆமாம் என்று சொன்னாலும் பையைக் கட்டலாம்.

"ஆமா," என்றேன்.

அவள் மணிக்கட்டை விட்டேன்.

"செம்பு இதுக்கு ஆவாது. குடத்துல ராத்திரி பூரா கெடக்கறப்ப தண்ணில கொஞ்சம் எறங்கும். தெனம் ஊத்த ஊத்தச் சேந்துபோச்சி. நல்ல தண்ணின்னு தான் நான் சொன்னேன், எந்தத் தண்ணின்னு சொல்லல. உனக்குத் தெரியாது. ஆனா அதனால தான் போச்சி."

"நான் ஊத்துனதாலயா?"

"ஆமா."

என் வீட்டில் முதல் முறையாக யாரோ அவளுக்கு ஆமாம் என்று சொன்னார்கள். அடுத்து அவள் நினைப்பு எங்கே போகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இந்தத் தண்ணியத்தான மாமா நான் குடிச்சிகினு இருந்தேன்?" என்றாள். "அது வயித்துல இருக்கச் சொல்லோ. தெனமும். அப்போ அதுக்கும்..."

நான் அவள் கையிலிருந்து சொம்பை வாங்கினேன். மிச்சம் இருந்த தண்ணீர் முழுவதையும் அவளுக்கு முன்னால் நின்று குடித்தேன். நாக்கில் லேசாகக் காசு நக்கின ருசி. வெறும் சொம்பைக் கீழே வைத்தேன்.

"மனுசனுக்கு இது ஒண்ணும் பண்ணாது. உங்கம்மா உன்ன வயித்துல வச்சிகினு இதே குடத்துலதான் குடிச்சிது. அதுக்கு நீ ஒண்ணும் பண்ணல."

"எல்லாரும் அப்பிடித்தான்..."

"எல்லாரும் சொல்லுவாங்க. நான் இப்பத்தான் இதுக்கு ஆமான்னு சொன்னேன்ல? உங்கிட்ட பொய் சொல்றதா இருந்தா இதுக்கே இல்லன்னு சொல்லியிருப்பேனே. இது நீதான். அது நீ இல்ல."

சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே கேட்கும்படி உடைந்திருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள், சிந்தின தண்ணீரிலேயே. அழுதாள். ஆஸ்பத்திரியில் அழுதது வேறு மாதிரி, அது மூச்சுத் திணறல். இது சத்தமாக, மூக்கை முந்தானையில் துடைத்துத் துடைத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுத அழுகை. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. திறக்கட்டும் என்று இருந்தேன். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கால் நனைந்தது, சில்லென்று இருந்தது.

கொஞ்சம் அடங்கியதும் தொட்டியைக் காட்டினாள். "இது பொழைக்குமா?"

"ரெண்டு பொழைக்காது. பச்சை பொழைக்குமான்னு தெரியல. தண்ணி மாத்திப் பாக்கலாம்."

"சரி," என்றாள்.

எனக்குப் பசித்தது. மணி பார்க்காமல், வயிற்றிலிருந்து வந்த பசி. அந்த நேரத்தில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். "நாஸ்தா பண்ணலியே இன்னும்," என்றாள், எழுந்திருக்காமல். கண்ணாடிக்குப் பின்னால் பச்சைப் பவளம் மூடியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, என்னிடம் இல்லாமல், தன்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ அதுக்கு நான் ஒண்ணும் பண்ணல."

இந்த முறை அவள் அதைக் கேட்கவில்லை.